மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவே: மீட்பு வரலாற்றை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ் வேதாகமம் பலவற்றில் பழைய ஏற்பாட்டின் கடைசி நூலான மல்கியாவின் இறுதி வசனத்தைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால் புதிய ஏற்பாட்டின் முதல் நூலான மத்தேயு வந்துவிடுகிறது. அந்த ஒரு புரட்டலில் ஏறக்குறைய 400 ஆண்டுகள் கடந்துபோகின்றன. "தேவன் மௌனமாக இருந்த காலம்" என்று ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடும் பிரசங்கங்களை நிறையக் கேட்டிருக்கிறோம். அந்தக் காலத்தைத் தாண்டிக் குதிப்பதே முதல் தவறு. பிற தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்துதான் பிறக்கின்றன.

மல்கியாவின் நாட்களில் யூதேயா பாரசீகப் பேரரசின் சிறு மாகாணம். பரிசேயர், சதுசேயர் என்ற யூத சமயக் குழுக்களின் பெயர்களையே எபிரெய வேதத்தில் காண முடியாது. மத்தேயுவைத் திறந்தாலோ அவர்கள் நெடுங்காலம் அங்கேயே குடியிருந்தவர்கள்போல் நிற்கிறார்கள், ரோமரும் வந்துவிட்டிருக்கிறார்கள். இடையில் என்ன நடந்தது? கி.மு. 332இல் அலெக்சாந்தரின் படை அந்த நிலத்தைக் கைப்பற்றியது. கி.மு. 167இல் நான்காம் அந்தியோகு என்ற கிரேக்க மன்னன் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி, விருத்தசேதனத்தையும் ஓய்வுநாளையும் தடைசெய்தான். மக்கபேயர் என்ற யூதக் குடும்பம் கிளர்ந்தெழுந்தது. கி.மு. 164இல் ஆலயம் சுத்திகரிக்கப்பட்டு மீண்டும் அர்ப்பணிக்கப்பட்டது. யோவான் 10:22இல் இயேசு மாரிகாலத்தில் ஆலயத்தில் உலாவுகிறாரே, அந்தப் பிரதிஷ்டைப் பண்டிகை இந்த வெற்றியின் நினைவு.

இதை வெறும் தகவலாக எண்ணிவிடக் கூடாது. நியாயப்பிரமாணத்தைக் கைவிட மறுத்ததற்காகவே நல்லவர்கள் கொல்லப்பட்டபோது, தேவனுடைய நீதி எங்கே என்ற கேள்வி எழுந்தது. மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்ற நம்பிக்கை அந்த நெருப்பில்தான் கூர்மையானது. தானியேல் 12ஆம் அதிகாரத்தையும், ஒரு தாயும் அவளுடைய ஏழு மகன்களும் கொல்லப்படும் 2 மக்கபேயர் 7ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். பிறகு, லாசரு மரித்தபின் இயேசுவைச் சந்தித்த மார்த்தாள், கடைசி நாளின் உயிர்த்தெழுதலில் தன் சகோதரன் எழுந்திருப்பான் என்று தயங்காமல் சொல்வது எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். கத்தோலிக்க வேதாகமத்தில் மக்கபேயர் நூல்கள் உள்ளன. மற்றச் சபையினரும் வரலாற்றுக்காகவேனும் அவற்றைப் படித்தே ஆக வேண்டும் என்பேன்.

அடுத்தது ஏரோது குழப்பம். பெத்லகேம் குழந்தைகளைக் கொன்ற ஏரோதே பின்னாளில் இயேசுவை விசாரித்தான் என்று நம்புகிறவர்கள் நம் சபைகளில் ஏராளம். மகா ஏரோது கி.மு. 4இல் இறந்துவிட்டான். யோவான் ஸ்நானகனின் தலையை வெட்டியவனும், பாடுகளின் வேளையில், அதாவது சிலுவைக்கு முந்திய துன்பங்களின்போது, இயேசுவைப் பரிகசித்தவனும் அவன் மகன் அந்திப்பா; கி.பி. 39 வரை கலிலேயாவை ஆண்டவன். செபெதேயுவின் மகன் யாக்கோபை வாளால் கொன்றவன் பேரன் முதலாம் அகிரிப்பா. செசரியாவில் பவுலின் வாதத்தைக் கேட்டவன் அவனுடைய மகன் இரண்டாம் அகிரிப்பா. நான்கு தலைமுறைகளை ஒரே மனிதனாகச் சுருக்கினால் அப்போஸ்தலர் நடபடிகள் புரியாது. இயேசு பிறந்தது கி.பி. 1இல் என்ற எண்ணமும் இந்த இடத்தில் திருத்தப்பட வேண்டியது. மகா ஏரோது உயிரோடிருக்கும்போதே அவர் பிறந்தார் என்றால், அது கி.மு. 4க்குப் பிந்தியதாக இருக்க முடியாது. நாம் பயன்படுத்தும் ஆண்டுக்கணக்கு ஆறாம் நூற்றாண்டில் தியோனீசியு என்ற துறவி வகுத்தது. அதில் சில ஆண்டுகள் பிசகிவிட்டன.

ரோம ஆட்சி எல்லா இடத்திலும் ஒரே விதமாக இருந்தது என்று எண்ணுவதும் தவறே. இயேசு வளர்ந்த கலிலேயா ரோமுக்கு அடங்கிய அந்திப்பாவின் கையில் இருந்தது. கப்பர்நகூமின் ஆயத்துறையில் அமர்ந்திருந்த மத்தேயு வசூலித்த சுங்கம் அந்திப்பாவின் கருவூலத்துக்கே போயிருக்கும். யூதேயாவின் நிலை வேறு. மகா ஏரோதின் இன்னொரு மகன் அர்கெலாயு கி.பி. 6இல் நாடுகடத்தப்பட, ரோம் நேரடியாக ஆட்சியை எடுத்துக்கொண்டது. உடனே குடிமதிப்பு எடுத்து வரி விதித்தது. கலிலேயனாகிய யூதாசு அதை எதிர்த்துக் கலகம் செய்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, வரி கொடுக்கலாமா என்ற கேள்வியைப் படியுங்கள். அது எருசலேமில் கேட்கப்பட்டது. கூடாது என்றால் ரோமுக்கு எதிரான கலகக்காரர். ஆகும் என்றால் அந்த வரியால் நசுங்கும் மக்களுக்குத் துரோகி. அன்றைய பேரரசன் திபேரியுவின் தெனாரியு என்ற வெள்ளி நாணயத்தில் அவன் "தெய்வீக அகுஸ்துவின் மகன்" என்று பொறிக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட காசு, கேள்வி கேட்டவர்களிடமே இருந்தது. மதம் வேறு அரசியல் வேறு என்று காட்டத்தான் இந்தப் பகுதியை நாம் பெரும்பாலும் மேற்கோள் காட்டுகிறோம். அங்கே நின்றவர்களுக்கோ அது உயிர்போகும் விவகாரம்.

இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த ரோம ஆளுநர் பிலாத்துவை நல்லவனாகப் படம்பிடிப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கைகழுவிய ஒரு காட்சியை வைத்து, மனம் கலங்கிய கோழை என்று அவன்மேல் இரக்கப்படுகிறோம். அவன் கி.பி. 26 முதல் பத்தாண்டுகள் யூதேயாவை ஆண்டவன். கலிலேயர் சிலரின் இரத்தத்தை அவர்களுடைய பலிகளோடு கலந்தவன் என்று லூக்கா 13ஆம் அதிகாரம் சொல்கிறது. நீர்க்கால்வாய் கட்ட ஆலயக் காணிக்கைப் பணத்தை எடுத்ததையும், எதிர்த்த மக்களைத் தடியால் அடித்துக் கொன்றதையும் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியிருக்கிறார். கெரிசீம் மலையடியில் சமாரியரைக் கொன்றதன் பேரில்தான் கடைசியில் பதவியிழந்து ரோமுக்குத் திரும்பினான். அவன் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது; திபேரியுவின் பெயரும் அதில் இருக்கிறது. சிலுவையில் அறைவது ரோமத் தண்டனை. சிலுவையின்மேல் எழுதப்பட்டிருந்ததும் ரோமர் பயப்படும் குற்றச்சாட்டுதான்: யூதருடைய ராஜா.

பரிசேயர் விஷயத்துக்கு வருகிறேன். வெளிவேடக்காரரைத் திட்ட அந்தப் பெயரைப் பயன்படுத்திப் பயன்படுத்தி, அவர்கள் யார் என்பதையே மறந்துவிட்டோம். ஆலயத்தில் ஆசாரியர் காக்கும் பரிசுத்தத்தைச் சாதாரண வீட்டின் சாப்பாட்டு வேளைவரை கொண்டுவர முயன்றவர்கள் அவர்கள். உயிர்த்தெழுதலை நம்பினார்கள், சதுசேயர் அதை மறுத்தார்கள். இந்தக் கேள்வியில் இயேசு பரிசேயர் பக்கம் நிற்கிறார். ஏரோது (அந்திப்பா) உம்மைக் கொல்லப் பார்க்கிறான், போய்விடும் என்று அவரை எச்சரித்தவர்கள் பரிசேயர். நிக்கொதேமு பரிசேயர். அப்போஸ்தலரைக் கொலையிலிருந்து காப்பாற்றிய கமாலியேல் பரிசேயர். பவுலோ யூதரின் உயர் மன்றமாகிய ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று, நான் பரிசேயன் என்று நிகழ்காலத்தில் சொல்கிறார். இயேசு அவர்களோடு கடுமையாக வாதிட்டது உண்மை. ஒரே வேதத்தை உயிராகக் கருதியவர்களுக்குள் நடந்த வாதம் அது. பாடுகளின் கதையில் பரிசேயர் ஏறக்குறைய மறைந்துபோகிறார்கள் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. அங்கே முன்னணியில் நிற்பது பிரதான ஆசாரியர் குழு.

இப்போது எல்லாவற்றிலும் கொடிய தவறு. "யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள்" என்ற வாக்கியம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கும், பெரிய வெள்ளியில் பெரியவர்களுக்கும் இன்றும் சொல்லப்படுகிறது. அது வரலாற்றுப்படி பொய், இறையியல்படியும் பொய்.

அன்றைய யூதரில் பெரும்பகுதியினர் யூதேயாவிலேயே இல்லை. அலெக்சந்திரியாவிலும், ரோமிலும், பாபிலோன் நாட்டிலும், ஆசியா மைனரின் நகரங்களிலும் வாழ்ந்த அவர்களுக்கு அந்த வெள்ளிக்கிழமை ஒரு சாதாரண நாள். எருசலேமில் இருந்த மக்களோ அவர்மேல் பிரியமாக இருந்தார்கள். பண்டிகையில் கைதுசெய்தால் கலகம் உண்டாகும் என்று தலைவர்கள் அஞ்சியதை மாற்கு 14:2 சொல்கிறது. சிலுவைக்குப் போகும் வழியில் திரளான மக்களும் அழுது புலம்பும் பெண்களும் பின்சென்றதை லூக்கா பதிவுசெய்கிறார். உடலைக் கேட்டு வாங்கிய அரிமத்தியா ஊர் யோசேப்பு சங்கத்தின் உறுப்பினர். தாய், சீடர், கல்லறைக்குப் போன பெண்கள் எல்லாரும் யூதர்.

அப்படியானால் இயேசுவை விசாரித்த காய்பா? அவனைப் பிரதான ஆசாரியனாக நியமித்தது ரோம ஆளுநர். கி.பி. 18 முதல் 36 வரை அவன் அந்தப் பதவியில் நீடித்தான். பிலாத்து போன சில காலத்திலேயே அவனும் நீக்கப்பட்டான். பிரதான ஆசாரியனின் பண்டிகை உடையைக்கூட ரோமர்தான் அந்தோனியா கோட்டையில் பூட்டிவைத்திருந்தார்கள். "ரோமர் வந்து நம்முடைய இடத்தையும் ஜனத்தையும் அழித்துப்போடுவார்கள்" என்று சங்கத்தில் எழுந்த பயம் பாசாங்கு இல்லை. கி.பி. 70இல் ரோமத் தளபதி தீத்துவின் படை ஆலயத்தை எரித்தபோது அது அப்படியே நடந்தது. காய்பா செய்ததை இதனால் நியாயப்படுத்த முடியாது. ஒரு பேரரசின் பிடியில் பதவி வகித்த சிறு குழுவின் முடிவு அது. ஓர் இனத்தின் தீர்ப்பு அல்ல.

இந்தப் பொய்க்கு இரத்த விலை உண்டு. 1096இல் சிலுவைப்போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள் ரைன் நதிக்கரை நகரங்களில் யூதக் குடும்பங்களைக் கொன்று குவித்தன. கிறிஸ்துவின் கொலைக்குப் பழிவாங்குகிறோம் என்றார்கள். கத்தோலிக்கச் சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல்தான், அந்தப் பாடுகளுக்கான பழியை அன்று வாழ்ந்த யூதர் அனைவர்மேலோ இன்றைய யூதர்மேலோ சுமத்தக் கூடாது என்று வெளிப்படையாக அறிவித்தது. அதற்கு வெகுமுன்பே, 1566இல் வெளியான ரோமை மறைக்கல்வி நூல், பாவத்தில் விழும் கிறிஸ்தவர்களின் குற்றமே யூதரின் குற்றத்தைவிடப் பெரிது என்று எழுதியிருந்தது. நம் பாவங்களுக்காக மரித்தார் என்று அறிக்கையிடும் வாய், கொன்றவர்கள் அவர்கள் என்றும் சொல்ல முடியாது. பெரிய வெள்ளியில் யோவானின் பாடுகளை வாசிக்கும் குருக்களும் போதகர்களும், அங்கே யூதர் என்று வரும் பல இடங்களில் ஆலயத் தலைமையே குறிக்கப்படுகிறது என்று வாசிப்புக்கு முன் இரண்டு நிமிடம் எடுத்துச் சொன்னால் போதும்.

பழைய ஏற்பாட்டின் தேவன் கோபக்காரர், புதிய ஏற்பாட்டின் தேவன் அன்பானவர் என்ற பேச்சும் இதே வேரின் கிளைதான். இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவன் அதைக் கோட்பாடாகவே ஆக்கினான். எபிரெய வேதம் முழுவதையும் ஒதுக்கிவிட்டு, பவுலின் பத்து நிருபங்களையும் வெட்டிச் சுருக்கிய ஒரு லூக்காவையும் மட்டும் வைத்துக்கொண்டான். ரோமாபுரிச் சபை கி.பி. 144 வாக்கில் அவனை வெளியேற்றியது. அவனுடைய லூக்காவில் முதல் இரண்டு அதிகாரங்கள் கிடையாது. ஆலயத்தில் தூபம் காட்டிய சகரியா இல்லை. இஸ்ரவேலின் ஆறுதலுக்குக் காத்திருந்து குழந்தையைக் கைகளில் ஏந்திய சிமியோன் இல்லை. 84 வயதிலும் ஆலயத்தைவிட்டு நீங்காத அன்னாள் இல்லை. ஆபிரகாமுக்குச் சொன்னதைத் தேவன் நினைத்தார் என்று மரியாள் பாடிய பாட்டும் இல்லை.