பள்ளி பேண்டில் மார்ச்சின் வேகம் ஓடாமல் பிடிப்பது எப்படி

கோலாலம்பூர் பள்ளிகளில் தேசிய தின அணிவகுப்புக்கு ஒத்திகை தொடங்கினால் முதல் வாக்குவாதம் வேகத்தைப் பற்றித்தான். டிரம்பெட்காரர்களுக்கு நிமிடத்துக்கு 126 தாள அடி வேண்டும், கனமான டியூபா தூக்குபவருக்கு 112 போதும். இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நடக்கிற கால். ஒரு காலடிக்கு ஒரு தாள அடி. பிரிட்டிஷ் ராணுவத்தின் விரைவு நடை நிமிடத்துக்கு 116 காலடி, அமெரிக்க நடை 120. ஆகவே 1914இல் வந்த பிரிட்டிஷ் மார்ச்சான 'கர்னல் போகி'யை 116இலும், அமெரிக்கரான சூசா 1896இல் எழுதிய 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்' மார்ச்சை 120இலும் எடுங்கள்.

மெட்ரோனோம் (தாள வேகம் காட்டும் கருவி) வைக்கும்போதே பலர் சறுக்குகிறார்கள். இவை இரண்டும் கட் டைம். ஒரு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) இரண்டு அடி, அடிக்கு ஒரு மினிம், அதாவது இரண்டு குரோச்செட் நீளமுள்ள சுரம். எண்ணைக் குரோச்செட்டுக்கு வைத்தால் வேகம் பாதியாகிவிடும். 'வாஷிங்டன் போஸ்ட்' போன்ற 6/8 மார்ச்சில் புள்ளி வைத்த குரோச்செட்தான் அடி. அங்கே இன்னொரு வில்லங்கமும் உண்டு. குரோச்செட்டும் அதில் பாதி நீளமுள்ள குவேவரும் 2:1 ஆக விழ வேண்டும். உதடு களைத்ததும் அது 3:1 ஆகிவிடும். மனத்துக்குள் 'தகிட தகிட' ஓடட்டும். 'தகதிமி' நுழைந்துவிட்டால் துள்ளல் போச்சு.

திடலில் சோதிப்பது எளிது. கைப்பேசியில் 30 வினாடி படம் பிடித்து, இடக்கால் எத்தனை முறை தரையைத் தொட்டது என்று எண்ணுங்கள். 29 என்றால் 116, 30 என்றால் 120. 32 வந்தால் 128. படிவம் ஒன்று (இடைநிலைப் பள்ளி முதலாண்டு) மாணவர்கள் அப்போது நடக்கவில்லை, ஓடுகிறார்கள்.

வேகம் நழுவும் இடங்கள் பெரும்பாலும் இரண்டே. ஒலி ஏறும்போது முந்துவார்கள், டிரியோ என்ற பிற்பகுதி மெலிதாக வரும்போது பின்வாங்குவார்கள். பேஸ் டிரம்காரர் இரண்டுக்கும் அசையக் கூடாது. குழுவிலேயே திறமையான ஆளை அங்கே நிறுத்துங்கள். புதியவரிடம் அந்தக் கோலைக் கொடுப்பது பெரிய தப்பு.

பள்ளி மண்டபத்தில் ஒன்றாக வாசித்த குழு, பினாங்கின் பாடாங் கோத்தா லாமா போன்ற திறந்த வெளியில் சிதறுவதற்குத் தூரமே காரணம். ஒலி 30 மீட்டர் கடக்க ஏறக்குறைய 0.09 வினாடி ஆகும். 116இல் ஓர் அடி 0.52 வினாடி, ஆக அடியில் ஆறில் ஒரு பங்கு தாமதம். டிரம்முக்கு முன்னால் நடப்பவர்கள் அதன் ஒலியைக் கேட்டு ஊதலாம். பின்னால் வருபவர்கள் காதை நம்பாமல் முன்வரிசையின் இடக்காலைப் பார்த்து ஊத வேண்டும். வரிசை இடைவெளியைக் குறைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

1848இன் 'ராடெட்ஸ்கி மார்ச்'சை மேடையில் வாசித்தால் கணக்கு வேறு. நடக்க யாரும் இல்லை. 108 போதும், கிளாரினெட்டின் சிறு சுரங்களும் தெளிவாகக் கேட்கும். கூட்டம் கைதட்டத் தொடங்கியதும் வேகம் எகிறும். நடத்துநர் பார்வையாளர் பக்கம் திரும்பித் தட்டலை வழிநடத்தட்டும், ஸ்னேர் (சிறு டிரம்) வாசிப்பவர் கைதட்டலைக் காதில் வாங்கவே கூடாது.