நாற்பது பேர் பார்க்கும் நேரலைத் தளம்: செலவுக்குப் பணம் திரட்டுவது எப்படி?

நண்பர்கள் சேர்ந்து ஒரு சின்ன நேரலைத் தளம் நடத்துகிறோம். வாரம் இரண்டு நிகழ்ச்சி, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். பார்ப்பவர்கள் சுமார் நாற்பது பேர். முதல் ஆறு மாதம் செலவு முழுவதும் என் கையிலிருந்துதான் போனது. ஒரு மாதம் ஒரு நிகழ்ச்சிக்கு எதிர்பாராத கூட்டம் வர, எனக்கு ஒரே சந்தோஷம். மாதக் கடைசியில் சர்வர் பில் வந்தபோது வழக்கத்தைவிட மூன்று மடங்கு இருந்தது.

அதன் பிறகுதான் பணம் திரட்டுவதைப் பற்றி ஒழுங்காக யோசித்தோம். நேரலையில் சம்பாதிக்க நினைப்பவர்களுக்கு இது உதவாது. தளம் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: ஒரு ஆள், ஒரு மணி நேரம், எவ்வளவு டேட்டா?

பணம் கேட்பதற்கு முன் இந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைச் செய்யாமல் நேராக நன்கொடைப் பொத்தானை வைத்துவிடுகிறார்கள்.

உங்கள் கணினியில் ஓபிஎஸ் (OBS) மாதிரி ஒரு ஒளிபரப்பு மென்பொருள் வழியாக வீடியோவை சர்வருக்கு அனுப்புகிறீர்கள். போவது ஒரே ஒரு பிரதி. சர்வர் அதைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி வைக்கிறது. பார்ப்பவர் ஒவ்வொருவரும் அந்தத் துண்டுகளைத் தனித்தனியாக இறக்கிக்கொள்கிறார். ஆக, நாற்பது பேர் பார்த்தால் சர்வரிலிருந்து வெளியே போவது நாற்பது பிரதி. காசு கரைவது இங்கேதான்.

720பி தரத்தில், ஒலியும் சேர்த்து, விநாடிக்கு 2.5 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 3600 விநாடி. பெருக்கி, பிட்டை பைட்டாக்க 8-ஆல் வகுத்தால் 1125 மெகாபைட். அதாவது ஒருவர் ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் 1.1 ஜிபி. எங்களுக்கு மாதம் 8 நிகழ்ச்சி, தலா 2 மணி நேரம், 40 பேர்: மொத்தம் 640 பார்வை மணி. 1.125-ஆல் பெருக்கினால் 720 ஜிபி.

இன்னொரு எண்ணும் பார்க்க வேண்டும். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள் என்பதால் சர்வரின் இணைப்பு விநாடிக்கு 100 மெகாபிட் தள்ள வேண்டும். 100 மெகாபிட் இணைப்புள்ள சர்வரில் நாற்பத்தோராவது ஆள் வந்தால் எல்லோருக்கும் படம் நின்று நின்று சுற்ற ஆரம்பித்துவிடும்.

இது சின்னத் தளங்களின் கவலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமேசானின் நேரலைத் தளமான ட்விட்ச் 2024 பிப்ரவரியில் தென் கொரியாவில் கடையை மூடியது. மற்ற பெரும்பாலான நாடுகளைவிட அங்கே நெட்வொர்க் கட்டணம் பத்து மடங்கு என்றார் அதன் தலைவர் டான் கிளான்சி. தரத்தை 720பி-க்குக் குறைத்துப் பார்த்தார்கள், அப்படியும் கட்டுப்படியாகவில்லை.

படி 2: கேட்பதற்கு முன் குறையுங்கள்

மிச்சமாகும் ஒவ்வொரு ஜிபியும் யாரிடமும் கேட்கத் தேவையில்லாத நன்கொடை.

முதலில் தரம். ஒருவர் உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சிக்கு 720பி தேவையே இல்லை. 480பி-யில் விநாடிக்கு 1 மெகாபிட் போதும். மேலே சொன்ன அதே 640 பார்வை மணி 720 ஜிபியிலிருந்து 288 ஜிபிக்கு இறங்கிவிடும். விளையாட்டு, நடனம் என்று வேகமாக அசைவது எதுவானாலும் இந்தச் சிக்கனம் கண்ணில் உறுத்தும், அதற்கு மட்டும் தரத்தை ஏற்றிக்கொள்ளலாம். ஒலியில் மட்டும் கை வைக்காதீர்கள். மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்பவர்கள் கரகரக்கும் குரலைக் கேட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

அடுத்து, சர்வரில் நேரலையை நடத்தும் மென்பொருள். ஓன்காஸ்ட், பியர்ட்யூப் இரண்டும் திறந்த மூலம் (நிரலை யாரும் பார்க்கலாம், பயன்படுத்தலாம்), உரிமக் கட்டணம் கிடையாது. ஒரே ஒரு சேனல், பக்கத்தில் ஒரு அரட்டைப் பெட்டி என்றால் ஓன்காஸ்ட் எளிது. பியர்ட்யூப்பை உருவாக்கியது பிரான்ஸின் ஃப்ரமாசாஃப்ட் அமைப்பு. 2021 ஜனவரியில் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து அதில் நேரலையும் உண்டு. பார்ப்பவர்களே துண்டுகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதால் சர்வரின் பாரம் குறையும். ஆனால் அப்படிப் பகிரும்போது ஒருவருடைய ஐபி முகவரி (இணையத்தில் அவருடைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) இன்னொருவருக்குத் தெரியவரும். உங்கள் கூட்டத்துக்கு அது சரிப்படுமா என்று யோசித்துவிட்டு அந்த வசதியைப் போடுங்கள்.

யூடியூபில் நேரலை விட்டு அதை நம் தளத்தில் பதித்துவிட்டால் இந்தச் செலவே இல்லையே என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. அது உங்களுக்குப் போதுமென்றால் மீதிக் கட்டுரையைப் படிக்க வேண்டியதில்லை. விளம்பரமும் அடுத்தவர் விதிகளும் வேண்டாம் என்பவர்கள் மட்டும் தொடரலாம்.

சர்வர் எடுக்கும்போது விலையைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: மாத டேட்டா அளவு தாண்டினால் வேகத்தைக் குறைப்பார்களா, பணம் கேட்பார்களா? நான் மாட்டிக்கொண்டது இதில்தான். ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தது, நான்தான் படிக்கவில்லை. இப்போது 70 சதவீதத்தைத் தொட்டவுடன் மின்னஞ்சல் வரும்படி வைத்திருக்கிறேன்.

பழைய பதிவுகளையும் கவனியுங்கள். இரண்டு மணி நேர நிகழ்ச்சி ஒன்று 2.25 ஜிபி இடம் பிடிக்கும். எல்லாவற்றையும் காலத்துக்கும் வைத்திருக்க வேண்டுமா? நாங்கள் ஒரு மாதம் கழித்து அழித்துவிடுகிறோம். கேட்டு வந்தவர் இதுவரை இரண்டே பேர்.

படி 3: வருடக் கணக்கு

சர்வர் வாடகை, டொமைன் (தளத்தின் இணையப் பெயர்), காப்புப் பிரதி, கூடுதல் டேட்டாவுக்கு ஒரு தொகை, இவற்றோடு மூன்று மாதச் செலவுக்கு ஈடான கையிருப்பு. இவ்வளவுதான். ஆனால் மாதக் கணக்காகப் போடாமல் வருடக் கணக்காகப் போடுங்கள். டொமைன் கட்டணம் வருடத்துக்கு ஒரு முறைதான் வரும், மறந்தும் போகும். கெடு தாண்டிவிட்டால் பெயரைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

படி 4: பணம் யார் கையில்?

தளம் உடைவது பெரும்பாலும் பணம் இல்லாததால் அல்ல, இருக்கும் பணத்தைப் பற்றிப் பேசாததால்தான். எனவே இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

எளிய வழி, ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கு. அதில் சிக்கலும் உண்டு. வரும் தொகை வரித்துறையின் பார்வையில் அவருடைய வருமானமாகத் தெரியலாம். நன்கொடை என்று நாம் பெயர் வைத்துவிட்டதால் மட்டும் அது நன்கொடை ஆகிவிடாது. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், தொகை சிறியதாக இருக்கும்போதே ஒரு கணக்காளரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள். வங்கிக் கணக்கு வைத்திருப்பவர் நாளைக்கு விலகிப்போனால் என்ன ஆகும் என்பது அடுத்த சிக்கல். பணம், டொமைன், சர்வர் மூன்றும் ஒரே ஆளின் பெயரில் இருந்தால் தளமே அவருடையது என்று அர்த்தம். மூன்றையும் இரண்டு பேருக்காவது பிரித்து வையுங்கள், கடவுச்சொற்கள் இருவரிடமும் இருக்கட்டும்.

கூட்டம் கொஞ்சம் பெரிதானால் சங்கமாகப் பதிவு செய்யலாம். அல்லது ஏற்கெனவே பதிவான ஒரு அமைப்பு உங்கள் சார்பில் பணத்தை வாங்கி, செலவு ரசீதைக் காட்டினால் கொடுக்கும் ஏற்பாட்டில் சேரலாம். ஓப்பன் கலெக்டிவ் தளத்தில் இப்படி ஏற்றுக்கொள்ளும் அமைப்புகள் பல உண்டு. வரவு செலவு எல்லோருக்கும் தெரியும்படி இருப்பது அதன் பெரிய வசதி. ஆனால் அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது. அமெரிக்காவில் இயங்கிய ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் 2024 பிப்ரவரியில், அந்த ஆண்டு இறுதிக்குள் கலைக்கப்போவதாக அறிவித்தது. அதை நம்பியிருந்த குழுக்கள் எல்லாம் வேறு இடம் தேடி ஓட வேண்டியிருந்தது. தளமும் மற்ற அமைப்புகளும் தொடர்கின்றன, ஆனாலும் கொடுப்பவர்களின் பட்டியலும் மின்னஞ்சலும், அவர்கள் சம்மதத்தோடு, உங்களிடம் தனியாக இருப்பது நல்லது.

படி 5: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

"மாதம் ஒரு டாலர் கொடுங்கள், போதும்" என்று கேட்பது பணிவாகத் தெரியும். கணக்குப் போட்டால் வேறு மாதிரி இருக்கும்.

அமெரிக்காவில் இணையக் கார்டுப் பரிமாற்றத்துக்கு வழக்கமாகக் காணப்படும் கட்டணம் 2.9 சதவீதம், அதோடு ஒவ்வொரு முறையும் 30 சென்ட். பத்துப் பேர் மாதம் ஒரு டாலர் கொடுத்தால் வருடத்தில் 120 பரிமாற்றம், வரவு 120 டாலர். இதில் கட்டணம் 39 டாலர் 48 சென்ட். அதே பத்துப் பேர் வருடத்துக்கு ஒரே முறை 12 டாலர் கொடுத்தால்? வரவு அதே 120 டாலர், கட்டணம் 6 டாலர் 48 சென்ட். கொடுப்பவருக்கு ஒரு பைசா வித்தியாசம் இல்லை, உங்களுக்கு 33 டாலர் மிச்சம். சிறுதுளி பெருவெள்ளம் என்பதெல்லாம் துளிக்குத் துளி கட்டணம் இல்லாத இடத்தில்தான்.

படைப்பாளிகளுக்கு ரசிகர்கள் பணம் கொடுத்து ஆதரிக்கும் தளமான பேட்ரியான் 2017 டிசம்பரில் இதே கணக்கில்தான் கையைச் சுட்டுக்கொண்டது. ஒவ்வொரு ஆதரவுக்கும் 2.9 சதவீதமும் 35 சென்ட்டும் கொடுப்பவரிடமே வாங்கப்போவதாக அறிவித்தது. ஒரு டாலர் கொடுப்பவர் 1.38 டாலர் கட்ட வேண்டும் என்றானது. சின்னத் தொகை கொடுத்தவர்கள் வரிசையாக விலகினார்கள். சில நாட்களிலேயே மன்னிப்புக் கேட்டு அதைக் கைவிட்டார்கள்.

ஆகவே வருடத்துக்கு ஒரு முறை, முடியாதவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று கேளுங்கள். லிபராபே என்ற நன்கொடைத் தளம் இதற்கு ஏற்றது. அது தனக்கென்று கமிஷன் எடுப்பதில்லை, தன் செலவையும் நன்கொடையிலேயே பார்த்துக்கொள்கிறது. வாரக் கணக்கில் உறுதி தந்தாலும் பல மாதங்களுக்குச் சேர்த்து முன்பணமாகக் கட்டலாம். கார்டுக் கட்டணம் மட்டும் போகும். வங்கியிலிருந்து வங்கிக்கு இலவசமாக அனுப்பும் வசதி உங்கள் நாட்டில் இருந்தால் அதுதான் முதல் தேர்வு.

விளம்பரத்தைப் பற்றி ஒரே வரி: நாற்பது பேருக்குக் காட்டும் விளம்பரம் சர்வர் செலவின் ஓரத்தைக்கூடத் தொடாது.

ஏதாவது நிறுவனம் சர்வரை இலவசமாகத் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளலாம். எந்தத் தேதி வரை, நிறுத்துவதென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: கேட்கும் விதம்

இங்கேதான் எல்லோருக்கும் கூச்சம். எண்களை வைத்துப் பேசினால் கூச்சம் பாதி போய்விடும். எங்கள் பக்கத்தில் இருப்பது இதுதான்:

"போன மாதம் நாம் எல்லோரும் சேர்ந்து 640 மணி நேரம் பார்த்திருக்கிறோம். அதற்கு 720 ஜிபி டேட்டா போனது. இந்த வருடச் செலவில் இதுவரை பாதி வந்திருக்கிறது. மீதிக்கு ஐந்து பேர் தேவை. கொடுக்காதவர்களுக்கும் எதுவும் மாறாது."

கடைசி வரியை எடுத்துவிடாதீர்கள். கொடுத்தவர்களுக்கு மட்டும் அரட்டை, கொடுத்தவர்களுக்கு மட்டும் நல்ல தரம் என்று ஆரம்பித்தால் இருக்கும் நாற்பது பேர் பத்தாகக் குறைவார்கள். கூட்டம் இருப்பதால்தான் தளம்.

எவ்வளவு கேட்பது? வருடச் செலவை நாற்பதால் வகுக்காதீர்கள். எல்லோரும் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் வேண்டாம். ஐந்தால் வகுத்துப் பாருங்கள். அந்தத் தொகையை ஒரு ஆள் சிரமமில்லாமல் கொடுக்க முடியும் என்றால் உங்கள் திட்டம் நிற்கும். முடியாது என்று தோன்றினால் படி 2-க்குத் திரும்பிப் போங்கள்.

கேட்கும் நேரமும் முக்கியம். நிகழ்ச்சி நன்றாக முடிந்து, அரட்டையில் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது கேளுங்கள். ஒளிபரப்பு அறுந்து அறுந்து வரும் நாளில் "நல்ல சர்வர் வாங்க உதவுங்கள்" என்றால் குத்திக்காட்டுவது போல ஆகிவிடும். நான் அப்படி ஒரு முறை கேட்டுவிட்டு அரட்டையில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கொடுத்தவர் பெயரைத் திரையில் வாசிப்பதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பலர் விரும்புவதில்லை.

ஒரு எச்சரிக்கை. அடுத்தவர் படத்தையோ பாட்டையோ அனுமதியில்லாமல் ஒளிபரப்புவது எப்போதுமே தவறுதான். அதைக் காட்டிப் பணமும் வாங்கினால் உரிமைக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள், பணப் பரிமாற்ற நிறுவனமும் கணக்கை முடக்கிவிடலாம். சொந்த நிகழ்ச்சி, அனுமதி வாங்கியது, திறந்த உரிமத்தில் உள்ளது, இவற்றோடு நில்லுங்கள்.

படி 7: மாதம் ஒரு வரி

மாதம் முடிந்ததும் வரவு, செலவு, இருப்பு, பார்வை மணி ஆகிய நான்கு எண்களையும் ஒரு வரியில் தளத்தில் போடுங்கள். அழகான வரைபடமெல்லாம் வேண்டாம். நாங்கள் ஒரு மாதம் போட மறந்தோம், உடனே கேட்டவர் எப்போதும் கொடுக்கும் ஆள்தான்.

பணம் குறைந்தால் எதை முதலில் விடுவது என்ற வரிசையையும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள். எங்கள் வரிசை இது: முதலில் தரத்தை 480பி-க்கு இறக்குவோம், அப்புறம் பழைய பதிவுகளை நிறுத்துவோம், அதற்கும் பிறகுதான் வாரம் ஒரு நிகழ்ச்சி. இரண்டு மாதச் செலவுக்குக் கீழே இருப்பு போனால் அன்றைக்கே அறிவிப்போம்.

தளத்தை மூட நேர்ந்தால் மிச்சப் பணம் என்ன ஆகும் என்பதையும் முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் அது கடைசி வரியாக இருக்கிறது: கடைசி மூன்று மாதத்தில் கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தருவோம், மீதி நாங்கள் இலவசமாகப் பயன்படுத்திய மென்பொருளை உருவாக்கியவர்களுக்குப் போகும்.