வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் புறப்படும் தாய், போகுமுன் வீட்டில் செய்து முடிக்க வேண்டியவை

ஏஜென்சியில் பெயர் கொடுத்த நாளிலிருந்து விமானம் ஏறும் நாள்வரை மெடிக்கல், பயிற்சி, கையொப்பம் என்று ஓட்டமாகவே போய்விடும். பிள்ளைகளை யாரிடம் விடுவது, காசை யார் பெயருக்கு அனுப்புவது என்ற இரண்டு விஷயமும் கடைசி இரவுக்குத் தள்ளிப்போகும். மட்டக்களப்பிலும் மூதூரிலும் புத்தளத்திலும் மலையகத் தோட்டங்களிலும் வெளிநாடு போன தாய்மாரின் குடும்பங்கள் உடைவது பெரும்பாலும் இந்த இரண்டிலும்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் வீட்டுக்குத்தான் கூடுதல் இடம்.

முதலில் ஏஜென்சி

உரிமம் உள்ள ஏஜென்சியா என்று இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். 1989 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். ஏஜென்சியின் பெயர், உரிம இலக்கம், போகும் நாடு மூன்றையும் சொல்லி, அந்த நாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்களை அனுப்ப அவர்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஊருக்குள் வந்து பேசும் தரகரிடம் உரிமம் இருக்காது. அவர் எவ்வளவு தெரிந்த ஆளாக இருந்தாலும் கடவுச்சீட்டை அவர் கையில் கொடுக்க வேண்டாம்.

மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண் ஏஜென்சிக்குக் காசு கட்டுவது வழக்கமில்லை. அங்குள்ள முதலாளி கட்டும் காசில் ஒரு பங்கைப் பெண்ணின் கையிலேயே தருவார்கள். நுண்கடனில் மூழ்கிய குடும்பம் இந்தக் காசைப் பார்த்துத்தான் பல தடவை முடிவெடுக்கிறது. மொத்தம் எவ்வளவு என்று ஏஜென்சி அலுவலகத்திலேயே கேளுங்கள், ஏனென்றால் தரகர் இடையில் எடுத்துக்கொள்வார். காசை நீங்களே கையொப்பமிட்டு வாங்குங்கள். கணவரை மட்டும் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டால், பிறகு மனம் மாறி "போகவில்லை" என்று சொல்ல உங்களுக்கு வழியிருக்காது. இடையில் திரும்பி வந்தால் இதைத் திருப்பிக் கேட்பார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். முழுவதையும் கடனுக்குக் கொடுத்து முடித்துவிடாமல் மூன்று மாத வீட்டுச் செலவை ஒதுக்கி வையுங்கள். முதல் சம்பளம் பிந்துவது சாதாரணம். சவூதியில் முதல் 90 நாள் பரீட்சார்த்த காலம் என்பதால் அதற்குள் வீடு மாறவும், திருப்பி அனுப்பப்படவும்கூடும்.

"விசிட் விசாவில் இப்போது போங்கள், அங்கே மாற்றிக் கொள்ளலாம்" என்று சொன்னால் அத்தோடு பேச்சை நிறுத்துங்கள். 2022இல் ஓமானில் சிக்கிய இலங்கைப் பெண்களில் பலர் இப்படிச் சுற்றுலா விசாவில் கொண்டுபோகப்பட்டவர்கள். பணியகத்தில் பதியாமல் போனால் காப்புறுதி கிடையாது. தூதரகத்தில் போய் நின்றாலும் உங்களைப் பற்றிய பதிவு ஒன்றும் இருக்காது.

வயதை ஒரு நாள்கூடக் கூட்டியோ குறைத்தோ போட விடாதீர்கள். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்டபோது, பிறப்புப் பதிவின்படி அவருக்கு 17 வயது. கடவுச்சீட்டில் வயது கூட்டிப் போடப்பட்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்ட கைக்குழந்தை இறந்த வழக்கில், உலகம் முழுவதும் வேண்டுகோள் எழுந்த பிறகும், 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பொய் வயதோடு போன ஒருவருக்கு, உண்மையான வயதை அங்கே போய் நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மெடிக்கலுக்கு முன்போ பின்போ யாராவது ஊசி போட வந்தால் என்ன ஊசி என்று கேளுங்கள். தாய்க்குச் சொல்லாமலே மூன்று மாதக் கருத்தடை ஊசி போட்டு அனுப்பிய முகவர்கள் இருந்திருக்கிறார்கள். வேண்டாம் என்று மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

பிள்ளைகளை யாரிடம் விடுவது

முன்பு 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்க்கு அனுமதி இல்லை. 2022இல் அமைச்சரவை அதை 2 வயதாகக் குறைத்தது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பாதுகாப்புக்கு ஒழுங்கு செய்திருப்பதைக் காட்டவேண்டும். இப்போதைய படிவம் எது என்று பிரதேச செயலகத்தில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் நேரில் கேளுங்கள். படிவத்தில் ஒரு பெயரை எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டால் அரசாங்கத்துக்குப் போதும், பிள்ளைக்குப் போதாது.

கிழக்கில் பெரும்பாலும் அம்மம்மாதான் பொறுப்பெடுப்பார். நல்லதுதான். ஆனால் அவருக்குச் சீனியும் பிரஷரும் இருந்தால் மாதம் ஒருநாள் கிளினிக்குக்கு விடியவே போகவேண்டும். அன்றைக்குப் பிள்ளையை யார் பாடசாலைக்கு அனுப்புவது? அவர் ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை தங்கினால் பிள்ளைகள் எங்கே? இதற்கு இரண்டாவதாக ஓர் ஆளை, பெயர் சொல்லி, அவர் சம்மதத்தோடு இப்போதே முடிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு பிள்ளையும் இரவில் எங்கே, யாருக்குப் பக்கத்தில் படுக்கும் என்பதை வாய்விட்டுப் பேசி முடிவெடுங்கள். கேட்கக் கூச்சமான கேள்விதான். தாய் இல்லாத வீடுகளில் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகளில் பல, வீட்டுக்குள் வந்துபோகும் சொந்தக்காரராலேயே நடந்திருக்கின்றன. தோட்டத்து லயன் காம்பராவில் (வரிசை வீட்டில்) ஒரே அறை என்றால் இன்னும் கவனம் வேண்டும். கணவர் குடிப்பவர் என்றால் பெண் பிள்ளையை அவரோடு தனியாக விடாமல், அம்மம்மாவோ சித்தியோ அந்த வீட்டிலேயே வந்து தங்க ஒழுங்கு செய்யுங்கள். தொடக்கூடாத இடத்தில் யாராவது தொட்டால் யாரிடம் சொல்லவேண்டும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். சிறுவர் உதவி இலக்கம் 1929 எந்தப் பிள்ளையும் காசில்லாமல் எடுக்கக்கூடியது. சுவரில் பென்சிலால் எழுதி வைத்தால்கூடப் போதும்.

மூத்த மகளைச் "சின்னம்மா" ஆக்கிவிட வேண்டாம். சமையல், தம்பியைக் குளிப்பாட்டுவது, அம்மம்மாவுக்கு மருந்து எல்லாம் அவள் தலையில் விழுந்தால் எட்டாம், ஒன்பதாம் ஆண்டோடு பாடசாலை நின்றுவிடும். சமைக்க உதவிக்கு ஓர் ஆளை மாதக் காசு கொடுத்து வைப்பது, அவளை மறுபடி படிக்கவைப்பதைவிட மலிவு.

ஒரு பிளாஸ்டிக் ஃபைல்

பொறுப்பாளரின் கையில் ஒரு ஃபைல் இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், சின்னப் பிள்ளையின் தடுப்பூசிக் கொப்பி, மாணவர் தேர்ச்சி அறிக்கை, உங்கள் விவாகப் பதிவு, காணிப் பத்திரத்தின் பிரதி ஆகியவை அதில் இருக்கவேண்டும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் மூன்று பிரதி தனியாக எடுத்து வையுங்கள். உங்கள் கடவுச்சீட்டின் படமுள்ள பக்கம், விசா, ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்கள், முதலாளியின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி, ஏஜென்சியின் உரிம இலக்கம் ஆகியவற்றின் பிரதியும் அதே ஃபைலில் இருக்கட்டும். உங்களுக்கு ஏதாவது நடந்தால் குடும்பம் பணியகத்துக்குப் போகும்போது முதல் கேட்பது முதலாளியின் விபரத்தைத்தான். பல குடும்பங்களிடம் அது இருப்பதில்லை.

தடுப்பூசியில் 3 வயதில் ஒன்றும் 5 வயதில் ஒன்றும் தாய் இல்லாத நேரத்தில் தவறிப்போகும். அந்த மாதங்களைக் கொப்பியின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதி, குடும்ப நல மாதுவிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். முதலாம் ஆண்டு அனுமதிக்கு முந்தைய வருடமே விண்ணப்பிக்கவேண்டும். 15 வயதாகும் பிள்ளைக்கு அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவேண்டும், இல்லாவிட்டால் சாதாரண தரப் பரீட்சை நேரத்தில் அலைச்சல். பாடசாலை அதிபரையும் வகுப்பாசிரியரையும் பொறுப்பாளரோடு போய்ச் சந்தித்து, "இனிமேல் இவர்தான் கையொப்பமிடுவார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அஸ்வெசும (அரசின் நலன்புரி உதவி) காசு உங்கள் பெயருள்ள கணக்குக்கு வருகிறதென்றால் நீங்கள் போனபின் யார் எடுப்பது என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டுத் தீருங்கள்.

காசு

இரண்டு கணக்கு திறவுங்கள். ஒன்று வீட்டுச் செலவுக்கு, அதன் அட்டை பொறுப்பாளரிடம். மற்றது உங்கள் பெயரில் மட்டும். அதற்கு அட்டையோ, கையொப்பமிட்ட வெற்றுப் பணம் மீளப்பெறும் சீட்டோ வீட்டில் இருக்கக்கூடாது. "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று வைத்துவிட்டுப் போன வெற்றுச் சீட்டால் இரண்டு வருட உழைப்பை இழந்த பெண்கள் உண்டு.

மாதம் 90,000 ரூபாய் அனுப்ப முடிகிறது என்று வைத்துக்கொண்டால், 40,000 வீட்டுச் செலவுக்கும், 25,000 கடனுக்கும், 25,000 உங்கள் கணக்குக்கும் என்று போகுமுன்பே கணவரும் பொறுப்பாளரும் இருக்கும்போது பேசி, தாளில் எழுதி வையுங்கள். பிள்ளையைப் பார்ப்பவர் கணவரின் பக்கமோ உங்கள் பக்கமோ, அவருடைய கைச்செலவுக்கென்று ஒரு தொகையை வீட்டுச் செலவுக்குள் தெளிவாகக் குறியுங்கள். அம்மம்மா கேட்கமாட்டார், ஆனால் கேட்காமலே எடுக்கவேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளக்கூடாது.

கடன்களை ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எந்தத் திகதி, வட்டி என்ன. அடகு நகைக்கு வட்டி கட்டத் தவறினால் ஏலத்துக்குப் போகும் திகதியையும் எழுதுங்கள். குழுக் கடனில் இருந்தால் குழுவிலுள்ள மற்றப் பெண்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் கிழமை வசூலுக்கு வருபவர் அம்மம்மாவின் வாசலில் வந்து நிற்பார்.

வீடு கட்டுவதென்றால், காணி யார் பெயரில் என்பதை முதலில் பாருங்கள். உங்கள் காசில் எழும் வீடு மாமனாருக்கு அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியில் நின்றால் நாளைக்கு உங்களுக்கு உரிமை கேட்க வழியில்லை. சொத்து விஷயத்தில் யாருக்காவது அற்றோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரம்) கொடுப்பதானால் நொத்தாரிசிடம் குறித்த ஒரு வேலைக்கு மட்டும் எழுதுங்கள், முழு அதிகாரம் வேண்டாம். மேசனுக்குக் கட்டம் கட்டமாகக் காசு கொடுங்கள்: அத்திவாரம் முடிந்த படம் வட்ஸ்அப்பில் வந்தபின் சுவருக்கு, சுவர் முடிந்தபின் கூரைக்கு. உண்டியலில் (வங்கியில்லாமல் ஆள் வழியாக) அனுப்பினால் சில ரூபாய் கூட வரலாம், ஆனால் காசு சேராவிட்டால் முறையிட இடமில்லை. வங்கி வழியாக அனுப்பியதற்கு ரசீது இருக்கும்.

ஒப்பந்தமும் பேச்சும்

கையொப்பமிடுமுன் சம்பளத் தொகை, எந்த நகரம், வீட்டில் எத்தனை பேர், ஓய்வு நாள், திரும்பும் ரிக்கெட் யார் செலவு ஆகியவற்றைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். குவைத்தின் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டப்படி நாளுக்கு 12 மணி நேரம்தான் உச்சம், வாரம் ஒருநாள் ஓய்வு. கட்டாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 றியால். சவூதியில் 2024 ஒக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி நாளுக்கு 10 மணி நேரம், வாரம் ஒருநாள் முழு ஓய்வு. சட்டம் இருக்கிறதென்று வீட்டுக்குள் யாரும் வந்து பார்ப்பதில்லை. ஆனாலும் தூதரகத்தில் முறையிடும்போது இந்த எண்கள் தெரிந்திருப்பது உதவும்.

நேர வித்தியாசத்தைக் கணக்கில் எடுங்கள். சவூதி, குவைத், கட்டார் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால், துபாய், ஓமான் ஒன்றரை மணி நேரம். றியாத்தில் இரவு 11 மணிக்கு வேலை முடிந்து நீங்கள் ஃபோன் எடுக்கும்போது இங்கே ஒன்றரை மணி. பிள்ளை நித்திரை. மத்தியானம் வீட்டார் படுக்கும் 2 மணியளவில் பேசினால் இங்கே மாலை நாலரை, பாடசாலை விட்டு வந்திருக்கும். அதுவும் முடியாவிட்டால் இரவே குரல் பதிவு அனுப்புங்கள். பிள்ளை காலையில் சீருடை போடும்போது கேட்கும். சின்னப் பிள்ளை நித்திரையாக இருக்கும்போது சொல்லாமல் கிளம்பவேண்டாம். அதன்பிறகு பல மாதங்களுக்கு அம்மம்மா கடைக்குப் போனாலும் அது அழும்.

ஃபோனில் முதலாளி பக்கத்தில் நிற்கலாம். ஆபத்தென்றால் சொல்ல ஒரு சாதாரண வசனத்தைப் பொறுப்பாளரோடு பேசி வையுங்கள். "பெரியம்மாவின் மாடு கன்று போட்டுதா?" என்று கேட்டால் உடனே 1989க்கு எடுக்கவேண்டும் என்பது போல. மாடே இல்லாத வீடாக இருந்தால் இன்னும் நல்லது, தற்செயலாக அந்தக் கேள்வி வாயில் வராது. இரண்டு தொலைபேசி இலக்கங்களை மனப்பாடம் செய்யுங்கள், ஃபோனைப் பறித்துவிட்டால் அதுதான் மிச்சம்.

அடி, பாலியல் தொல்லை, சாப்பாடு இல்லாமை என்று வெளியேற வேண்டி வந்தால் நேராக இலங்கைத் தூதரகத்துக்குப் போங்கள். றியாத், ஜித்தா, குவைத், தோஹா, அபுதாபி, துபாய், மஸ்கட் ஆகிய இடங்களில் நமது அலுவலகங்கள் உண்டு. "வெளி வேலை எடுத்துத் தாறேன், சம்பளம் கூட" என்று வாசலில் நிற்பவரோடு போகாதீர்கள். நீங்கள் ஓடிப்போனதாக முதலாளி பதிந்துவிட்டால் இகாமா (அங்கே தங்கும் அனுமதி அட்டை) செல்லாது, சம்பள பாக்கி கேட்பதும் ஊர் திரும்புவதும் சிக்கலாகும்.

இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து அதே வீட்டில் தொடர நினைத்தால் பணியகப் பதிவையும் புதுப்பியுங்கள். பதிவு காலாவதியானால் காப்புறுதி நின்றுவிடும், புலமைப்பரிசிலில் சித்தியடையும் பிள்ளைக்குப் பணியகம் தரும் உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் செல்லுபடியாகும் பதிவைத்தான் கேட்பார்கள். முடிவுத் திகதியைப் பொறுப்பாளரின் ஃபைலின் மேலட்டையில் எழுதி வையுங்கள், அதற்கு இரண்டு மாதம் முன்பே அவர் உங்களுக்கு ஞாபகப்படுத்தட்டும்.