பூஜ்ஜியம் போட்டேன், ஊரே அதிர்ந்தது

போன வருஷம் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அம்மன் கோயில் கொடை. சித்தப்பாவின் ரேடியோ செட்டுக்குப் பாட்டுப் போட்டது என் லேப்டாப். இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாகத் திறந்த வெளியில் ஒலிபெருக்கி போடக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. சரி, பத்து மணிக்குத் தானே சத்தம் அடங்கட்டும் என்று பைத்தான் நிரல்மொழியில் நாலு வரி எழுதி வைத்தேன். பத்தும் ஆனது. பாட்டு உச்சத்துக்கு ஏறிவிட்டது.

"ஏலே, நிறுத்தச் சொன்னா அலற விடுதியே!" என்றார் சித்தப்பா.

தவறு ஒரே ஒரு எண்ணில், சத்தத்தை அடக்க நான் போட்ட 0-இல். விண்டோஸில் நான் எடுத்த பைகா (pycaw) என்ற ஆயத்த நிரல் தொகுப்பில் ஒலியளவை மாற்ற இரண்டு கட்டளைகள் உண்டு. 'செட் மாஸ்டர் வால்யூம் லெவல்' ஒலியை அளக்கும் டெசிபல் அலகில் கணக்கு வைக்கும். அங்கே 0 என்றால் முழுச் சத்தம். குறைக்க மைனஸில் இறங்க வேண்டும். என் லேப்டாப்பில் அடிமட்டம் -65.25. அதில் பாதி போட்டால் பாதிச் சத்தம் வரும் என்றும் நினைக்காதீர்கள், காதில் விழுவதே சிரமம். பெயரின் கடைசியில் 'ஸ்கேலார்' சேர்ந்த கட்டளைதான் 0.0 முதல் 1.0 வரை போகும். அதில் 50 என்று கொடுத்தால் பிழைச் செய்திதான் வரும். வாயை மூட மட்டும் வேண்டுமென்றால் 'செட் மியூட்' போதும். திறக்கும்போது பழைய அளவு அப்படியே இருக்கும்.

லினக்ஸில் இதற்கு நேர்மாறான கூத்து. ஒலியளவை மாற்றும் பேக்டிஎல் (pactl) கட்டளையில் சதவீதக் குறியை விட்டுவிட்டு 50 என்று அடித்தால் ஏறக்குறைய ஊமை. அங்கே வெறும் எண்ணில் 65536தான் நூறு சதவீதம். குறியோடு '+10%' என்று திரும்பத் திரும்ப ஓட விட்டாலோ, நூறையும் தாண்டிப் போய்ப் பாட்டு கரகரக்கும். விண்டோஸில் விசைகளுக்கு வேலை கொடுக்கும் ஆட்டோஹாட்கீ (AutoHotkey) மென்பொருளின் இரண்டாம் பதிப்பில் +5-ஐ மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால், ஐந்து கூடாது, ஒலியளவே ஐந்தாகிவிடும்.

அப்புறம், நிரல் தொடங்கும்போது பிடித்த ஸ்பீக்கரையே கடைசிவரை நம்பாதீர்கள். நடுவில் யாராவது புளூடூத்தை இணைத்தால் பாட்டு அங்கே போய்விடும். நிரல் பழையதையே திருகிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் இப்போதைய இயல்புக் கருவி (பாட்டு போகும் ஸ்பீக்கர்) எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது நிரல் ஒழுங்காக ஓடுகிறது. ஆனாலும் பத்து மணிக்குச் சித்தப்பாவின் கை ஆம்ப்ளிஃபயர் குமிழில்தான் இருக்கும். வில்லுப்பாட்டு மைக் நேராக மிக்ஸருக்குப் போகிறது. லேப்டாப்பை ஊமையாக்கினால் அது அடங்குமா?