நன்கொடைக்கு முன் கணக்கேடு: தொழில்முனையும் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

சமூகப் பொறுப்பு என்றவுடன், ஆண்டு முடிவில் கொடுக்கும் நன்கொடையும் அதையொட்டி எடுக்கும் புகைப்படமும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பான ஐஎஸ்ஓ 2010இல் வெளியிட்ட ஐஎஸ்ஓ 26000 வழிகாட்டி இதை ஏழு தலைப்புகளாகப் பிரிக்கிறது: நிர்வாகம், மனித உரிமை, தொழிலாளர் நடைமுறை, சுற்றுச்சூழல், நேர்மையான வணிகம், நுகர்வோர் நலன், சமூக மேம்பாடு. நன்கொடை இவற்றுள் கடைசித் தலைப்பின் ஒரு சிறு பகுதி மட்டுமே. அது வழிகாட்டி மட்டும்தான், சான்றிதழ் வழங்குவதற்கான தரநிலை அன்று என்பதால், பணம் கட்டினால் ஐஎஸ்ஓ 26000 சான்றிதழ் வாங்கித் தருவதாக எவரேனும் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கணக்கேட்டில் முதலில் எழுத வேண்டியது உங்கள் சொந்தக் கூலியை. வீட்டிலிருந்து தொழில் தொடங்கும் பெண்கள் பெரும்பாலும் மூலப்பொருளுக்கும் போக்குவரத்துக்கும் கணக்கு வைத்துவிட்டு, தாம் உழைத்த மணிநேரங்களைச் செலவாகவே கருதுவதில்லை. அப்படி நிர்ணயித்த விலைக்கு வாடிக்கையாளர்கள் பழகிவிட்ட பிறகு, வேலைக்கு ஓர் ஆளை வைக்கும் நாளில் அவருக்குக் கொடுக்க அந்த விலையில் இடமே இருக்காது. நல்ல மனம் படைத்தவர்கள்கூடக் குறைந்த கூலி கொடுப்பவர்களாக மாறுவது இங்கேதான் என்பது என் கணிப்பு.

அடுத்தது துண்டுக்கூலி, அதாவது நாளுக்கு அல்லாமல் செய்து முடிக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் கொடுக்கும் கூலி. துணிப்பை தைக்கக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழகிய கை ஒரு பையை 24 நிமிடத்தில் தைத்தால், எட்டு மணிநேரத்தில் 20 பை ஆகிறது; ஒரு நாள் கூலியை இருபதால் வகுத்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நூல் பிசிறு நறுக்கவும், மடிக்கவும், எண்ணிக் கட்டவும் பை ஒன்றுக்கு இன்னும் 6 நிமிடம் ஆகிறது என்றால், நாளுக்கு 16 பைதான் முடியும். இருபதால் வகுத்த கணக்கில், முழு நாளும் உழைத்தவரின் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. நூலும் ஊசியும் மின்சாரமும் யார் செலவு என்பதையும் அப்போதே பேசி எழுதிவிடுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவரும் மற்றத் தொழிலாளரைப் போலவே நடத்தப்பட வேண்டும் என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1996ஆம் ஆண்டு உடன்படிக்கையின் சாரம்.

சரக்கு கொடுத்தவருக்குச் சொன்ன தேதியில் பணம் கொடுப்பதையும் இந்தப் பொறுப்பிலேயே சேர்க்க வேண்டும். உங்களைவிடச் சிறிய ஒருவரை மாதக்கணக்கில் காக்க வைப்பது, அவரிடம் வட்டியில்லாக் கடன் வாங்குவதற்குச் சமம்.

விளம்பரத்தில் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், ‘உறையில் பிளாஸ்டிக் இல்லை’ என்பதுபோலச் சரிபார்க்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள்.

இவற்றைப் பதிவேட்டில் ஒழுங்காக வைத்திருந்தால் வியாபாரத்துக்கும் உதவும். ஐ.நா. அமைப்புகள் 2010இல் வெளியிட்ட மகளிர் அதிகாரமளித்தல் கோட்பாடுகள் ஏழில் ஐந்தாவது, கொள்முதல் வழியாகப் பெண்களின் தொழில்களை வளர்ப்பதைப் பற்றியது. இந்தக் கோட்பாடுகளை ஏற்றுக் கையெழுத்திட்ட பெரிய நிறுவனங்களின் கொள்முதல் பிரிவை அணுகும்போது, கூலிப் பதிவேடும் பணம் கொடுத்த தேதிகளும் கையில் இருந்தால் பேச்சு எளிதாகும்.

நன்கொடை கொடுக்க விரும்பினால், விற்பனையில் அல்லாமல் நிகர லாபத்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். விற்பனையில் ஒதுக்கினால், லாபமில்லாத ஆண்டில் அந்தத் தொகை கூலியிலிருந்துதான் போகும்.

இன்னொன்று, சிறு தொழில்களில் எல்லோரும் மறப்பது: புகார் வழி. மேற்பார்வை பார்ப்பவர் உங்கள் தம்பியாகவோ கணவராகவோ இருந்தால், அவரைப் பற்றிய புகாரை எந்தத் தொழிலாளியும் உங்களிடம் கொண்டுவர மாட்டார். குடும்பத்துக்கு வெளியே நம்பிக்கையான ஒரு பெண்ணைக் கேட்டு, அவருடைய சம்மதத்துடன் அவர் கைபேசி எண்ணை எல்லோர் கண்ணிலும் படும்படி வேலை நடக்கும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.