தொடக்ககாலத் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரரின் வாழ்க்கைப் பதிவை எழுதுவது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தில் ஊதியம் பெற்று ஆடிய முதல் தலைமுறையினரைப் பற்றி எழுத முனைபவர், அவர்கள் எடுத்த புள்ளிகளுக்கு முன்பாக அவர்களுக்குப் பணம் கொடுத்ததற்கான கணக்கைத் தேட வேண்டும். 1890-களில் தடகள மன்றங்கள் அமெச்சூர் (ஊதியம் பெறாமல் ஆடுபவர்) என்ற பெயரை விட்டுவிடாமலேயே மறைவாகப் பணம் கொடுத்துவந்ததால், அக்கால நாளிதழ்களில் வதந்தி கிடைக்குமே தவிர ரசீது கிடைக்காது.

'பட்ஜ்' என்று அழைக்கப்பட்ட வில்லியம் ஹெஃபல்ஃபிங்கரை எடுத்துக்கொள்வோம். கல்லூரிக் காலத்தைப் பதிவது எளிது: யேல் பல்கலைக்கழக அணியில் கார்டாக (முன்வரிசையில் நடு ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் நிற்பவர்) ஆடிய அவர் 1889, 1890, 1891 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அகில அமெரிக்க அணிக்கு, அதாவது அந்தந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர்களின் பட்டியலுக்கு, தேர்வானார். சிக்கல் அதற்குப் பிறகுதான். 1892 நவம்பர் 12 அன்று அலிகேனி தடகள மன்றத்துக்காக அவர் பிட்ஸ்பர்க் தடகள மன்றத்தை எதிர்த்து ஆடினார். அலிகேனி மன்றத்தின் கணக்குத் தாளில், ஆட்டத்தில் பங்கேற்றதற்காக அவருக்கு 500 டாலர் ரொக்கமாகத் தரப்பட்டது என்ற வரி இருக்கிறது; அதே தாள் ஆட்டத்தின் நிகர லாபம் 621 டாலர் என்றும் காட்டுகிறது. ஒரே வீரருக்கு இவ்வளவு கொடுத்தும் மன்றத்துக்கு ஆதாயம் மிஞ்சியதென்றால், இந்த வழக்கம் ஏன் பரவியது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை என்பது என் கருத்து.

அடுத்து, புள்ளிகளை அந்த ஆண்டின் விதிப்படி படிக்க வேண்டும். அலிகேனி 4-0 என்று வென்றதைக் கண்டு இன்றைய வாசகர் குழம்பக்கூடும்; டச்டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பதற்கு, அன்று நான்கு புள்ளிகளே. எதிரணி தவறவிட்ட பந்தை எடுத்து ஓடி, ஆட்டத்தின் அந்த ஒரே டச்டவுனை எடுத்தவர் ஹெஃபல்ஃபிங்கர்தான்.

'முதல் தொழில்முறை வீரர்' என்ற பட்டத்தைக் கொடுக்கும்போது நிதானம் வேண்டும். 1895-இல் பென்சில்வேனியாவின் லட்ரோப் ஊர் அணிக்காகப் பத்து டாலரும் செலவும் பெற்று ஆடிய ஜான் பிராலியரே முதல்வர் என்று பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. அலிகேனியின் கணக்குத் தாள் வெளிவந்த பிறகே அது மாறியது. ஆகவே 'ஆவணச் சான்றுள்ள முதல் வீரர்' என்று எழுதுவதே பாதுகாப்பானது.

கௌரவங்களைக் குறிக்கும்போது, சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் இரண்டு புகழ் மன்றங்களை ஒன்றாக்கிவிடக் கூடாது. ஓஹையோவின் கேன்டனிலுள்ள தொழில்முறைக் கால்பந்துப் புகழ் மன்றம் அலிகேனியின் அந்தக் கணக்குத் தாளைக் காட்சிக்கு வைத்தது. ஆனால் ஹெஃபல்ஃபிங்கரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது கல்லூரிக் கால்பந்துப் புகழ் மன்றமே.