அம்புக்குறிக்கு மேல எழுதுற நிக்கல் அங்க என்னதான் பண்ணுது? படம் போட்டுப் பாப்போம்

கும்பகோணத்துல ப்ளஸ் டூ பசங்களுக்கு சாயங்காலம் டியூஷன் எடுக்கறேன். ஹைட்ரஜனேற்றம் (ரெட்டைப் பிணைப்புல ஹைட்ரஜன ஏத்தற வினை) வந்தா சமன்பாட்டு அம்புக்குறி மேல நிக்கல்னு எழுதிட்டு எல்லாரும் அடுத்ததுக்கு போயிடுவாங்க. போன வாரம் ஒரு பொண்ணு மட்டும் கேட்டுச்சு, "சார், நிக்கல் கரையவும் இல்ல, தீரவும் இல்ல, அப்புறம் எதுக்கு அது?" ரொம்ப நல்ல கேள்வி. பேப்பர், பென்சில் எடுத்துக்கங்க. (நிஜ ஹைட்ரஜன வீட்டுல தொடவே வேணாம், ஒரு பொறி பட்டா வெடிக்கும்.)

முதல்ல நீளமா ஒரு கோடு போடுங்க, அதான் நிக்கலோட மேற்பரப்பு. அதுக்கு மேல ஒரு ஈத்தீன் (ரெண்டு கார்பன், நடுவுல ரெட்டைப் பிணைப்பு), பக்கத்துல ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு. ரெண்டும் சேர்ந்து ஈத்தேன் ஆனா மோலுக்கு சுமார் 137 கிலோஜூல் வெப்பம் வெளிய வரும், ஆனா சும்மா கலந்து வச்சா ஒண்ணும் நடக்காது, ஏன்னா ஹைட்ரஜன் அணு ரெண்டையும் பிரிக்கவே மோலுக்கு 436 கிலோஜூல் வேணும்.

நடவு அன்னிக்கு பாத்திருப்பீங்க, நாத்துமுடிய அப்படியே ஊன முடியாது, கட்ட அவுத்துப் பிரிச்சாதான் நடலாம். நிக்கல் மேலயும் அதே கததான். பழைய பிணைப்பு அவுற அவுற உலோகத்தோட புதுப் பிணைப்பு உருவாகும், செலவு அதுலயே ஈடாயிடும். ரெண்டு ஹைட்ரஜனையும் தனித்தனியா கோட்டு மேல வைங்க.

இப்ப ஈத்தீனையும் கோட்டு மேல படுக்க வைங்க, ரெட்டைப் பிணைப்போட பை எலக்ட்ரான் உலோகத்த பிடிச்சுக்கும். ஒரு ஹைட்ரஜன நகத்தி ஒரு கார்பன்ல சேருங்க.

இங்க நிறுத்துங்க. இந்த பாதி வேலை முடிஞ்ச நிலைமைதான் முக்கியம். ரெட்டைப் பிணைப்பு போயிடுச்சு, இன்னொரு கார்பன் உலோகத்த விடல, நடுப் பிணைப்பு இப்ப சுத்தும். ரெண்டாவது ஹைட்ரஜனும் சேர்ந்தா ஈத்தேன் ஆகி பிடிய விட்டு கிளம்பிடும், கோடு காலி, அடுத்த மூலக்கூறு வந்து உக்காரும். நிக்கல் தீராததுக்கு காரணம் இதான்.

ரெண்டாவது ஹைட்ரஜன் கெடைக்கலன்னா? ஒரு ஹைட்ரஜன் திரும்ப கழண்டு ரெட்டைப் பிணைப்பு மறுபடி வந்துடும். ஈத்தீன்ல இது தெரியாது, ஆனா எண்ணெய்ல இருக்கற நீள சங்கிலி நடுவுல சுத்திக்கறதால சிஸ்ஸா (சங்கிலியோட ரெண்டு பாதியும் ஒரே பக்கம்) வந்தது டிரான்ஸா (எதிரெதிர் பக்கம்) திரும்பிப் போகும். வனஸ்பதில டிரான்ஸ் கொழுப்பு வந்தது இப்படித்தான். 2022லேர்ந்து நம்ம நாட்டுல அதுக்கு 2 சதவீதம்தான் வரம்பு. முழுசா ஏத்திட்டா டிரான்ஸ் இருக்காது, ஆனா ரொம்ப கெட்டியாயிடும். எண்ணெய்ல இருக்கற, ஒரு ரெட்டைப் பிணைப்புள்ள ஒலியிக் அமிலம் சுமார் 13 டிகிரில உருகும், அதுல ஹைட்ரஜன் ஏறி வர்ற ஸ்டியரிக் அமிலத்துக்கு 69 டிகிரி வேணும், வித்தியாசம் ரெண்டே ரெண்டு ஹைட்ரஜன்!

வாயு நிலைல இத செஞ்சு காட்டின பிரெஞ்சு வேதியியலாளர் சபாட்டியேவுக்கு 1912ல நோபல் கெடச்சுது, எண்ணெய்க்கு 1902லயே ஜெர்மன் வேதியியலாளர் நார்மன் காப்புரிமை வாங்கிட்டாரு. நிக்கல பொடியா போடறது மேற்பரப்பு அதிகமாகத்தான். கந்தகம் கலந்திருந்தா அது கோட்ட பிடிச்சுக்கிட்டு எழுந்திரிக்காது, வேலை நின்னுடும்.

அடுத்து அதே படத்துல 2-பியூட்டைன் (நாலு கார்பன், நடுவுல முப்பிணைப்பு) வச்சுப் போடுங்க. ரெண்டு ஹைட்ரஜனும் கோட்டுப் பக்கத்துலேர்ந்தே ஏறும், அதனால வர்றது சிஸ் பியூட்டீன். அதுலயே நிறுத்தணும்னா பல்லேடியத்துல காரீயம் சேர்த்து வேகத்த கொறைக்கணும், அதான் லிண்ட்லார் வினையூக்கி.